வினாவும் விடையும்: சட்டமன்றவாதி சத்தியமூர்த்தியின் வாழ்வும் நிருவாகக் கண்காணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தீரர் எனப் போற்றப்பெறும் சு. சத்தியமூர்த்தி (1887–1943) தமிழகத்தில் பெரும்பாலும் நாவலராகவும் காமராசரின் அரசியல் வழிகாட்டியாகவுமே நினைவுகூரப்படுகிறார். அவர்தம் பொதுவாழ்வின் பெரும்பகுதி சட்டமன்றங்களில் கழிந்தது. அம்மன்றங்களுக்கு அரசைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் முழுமையாக வாய்த்திருக்கவில்லை. நீக்க இயலாத ஓர் அரசைப் பதில் சொல்ல வைப்பது எங்ஙனம் என்னும் வினாவை மையமாகக் கொண்டு அவருடைய வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னைச் சட்டமன்றம், மத்திய சட்டசபை, சென்னை மாநகராட்சி ஆகிய மூன்று களங்களிலும் அவர் ஆற்றிய பணியோடு, அவருடைய நிலைப்பாடுகளில் காணப்படும் முரண்களும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சத்தியமூர்த்தி, சட்டமன்றக் கண்காணிப்பு, துணைவினா, ஒத்திவைப்புத் தீர்மானம், இரட்டை ஆட்சி, பொறுப்பாட்சி, பாரதி பாடல்கள் தடை.

முன்னுரை

மக்களாட்சியில் அரசின் பொறுப்பு இருபடிகளை உடையது. தான் செய்தவற்றுக்கும் செய்யாது விட்டவற்றுக்கும் அரசு காரணம் கூறுதல் முதற்படி. அக்காரணத்தை மன்றம் ஏற்காதவிடத்துப் பதவி துறத்தல் இரண்டாம்படி. இன்றைய இந்திய அரசியலமைப்பின் 75ஆம் உறுப்பு அமைச்சரவையை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையதாக்கி, இவ்விரு படிகளையும் பிணைத்துள்ளது. குடியேற்ற ஆட்சிக்கால இந்தியாவில் இப்பிணைப்பு இல்லை. மன்றங்கள் வினவலாம், விவாதிக்கலாம், வாக்களித்து அரசைத் தோற்கடிக்கவும் செய்யலாம். ஆயினும் தோற்ற அரசு அதே இருக்கையில் மறுநாளும் அமர்ந்திருக்கும்.

இத்தகைய மன்றத்தில் அமர்வதே வீண் என்று கருதிய தலைவர்கள் பலர். மன்றப் புறக்கணிப்பு விடுதலை இயக்கத்தின் கொள்கையாகவே பல ஆண்டுகள் விளங்கியது. அக்காலத்திலும் மன்றப் பணியில் நம்பிக்கை இழவாதவர் சத்தியமூர்த்தி. அந்நம்பிக்கை எதன்மேல் எழுந்தது, அது எவ்வளவு பயனளித்தது, எங்கே தடுமாறியது என்பனவற்றை அவர்தம் வாழ்க்கை நிகழ்வுகளின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் அரசியல் நுழைவும்

சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்டு 19ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரி வக்கீல் தொழில் புரிந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற சத்தியமூர்த்தி, பின்னர்ச் சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். சீனிவாச ஐயங்காரிடம் பெற்ற தொழிற்பயிற்சி அவரை அரசியலுக்கும் அணுக்கமாக்கியது. சாட்சியை விசாரிக்கும் வழக்கறிஞரின் முறை, பின்னாளில் அமைச்சர்களையும் நிருவாகக் குழு உறுப்பினர்களையும் வினவிய அவருடைய முறையில் தெளிவாகப் புலப்படுகிறது.

நாடகத்திலும் இசையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் அவர் நடித்ததுண்டு. குரலின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லுக்கு முன்வரும் இடைவெளியின் ஆற்றலையும் மேடையில் பழகிய ஒருவர் மன்றத்துக்கு வந்தார் என்பது கருதத்தக்கது.

1919ஆம் ஆண்டு மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதாவைப் பிரித்தானிய நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்தபோது, காங்கிரசின் சார்பில் இங்கிலாந்து சென்ற தூதுக்குழுவில் சத்தியமூர்த்தியும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. இந்தியாவுக்குத் தரவிருந்த மன்றங்களின் வரம்புகள் வகுக்கப்படும் இடத்தையே அவர் நேரிற் கண்டார். நாடாளுமன்ற மரபின்மேல் அவருக்கிருந்த பற்றும், அம்மரபு இந்தியாவுக்கு அரைகுறையாகவே வழங்கப்படுகிறது என்ற சினமும் அவருடைய பிற்காலச் செயல்பாட்டில் இணைந்தே காணப்படுகின்றன.

இரட்டை ஆட்சியும் சென்னைச் சட்டமன்றமும்

1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண நிருவாகத்தை இரு கூறாக்கியது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி முதலியன மாற்றப்பட்ட துறைகள் என்னும் பெயரால் அமைச்சர்களிடம் விடப்பட்டன. காவல், நிதி, நிலவருவாய் முதலியன ஒதுக்கப்பட்ட துறைகளாகக் கவர்னரின் நிருவாகக் குழுவிடம் இருந்தன. முன்னவர்கள் மன்றத்துக்குப் பொறுப்புடையவர்கள், பின்னவர்கள் அல்லர். சென்னைச் சட்டமன்றத்தில் நிருவாகக் குழுவினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள் இருந்தனர். அவருள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். ஒதுக்கப்பட்ட துறையொன்றின் மானியத்தை மன்றம் மறுத்தாலும், அது இன்றியமையாதது எனச் சான்றளித்துக் கவர்னர் அதனை மீட்டுக்கொள்ள முடிந்தது.

சுயராஜ்யக் கட்சியின் சார்பில் 1923ஆம் ஆண்டுத் தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சத்தியமூர்த்தி இம்மன்றத்துள் நுழைந்தார். மன்றத்துள் புகுந்து இரட்டை ஆட்சியை உள்ளிருந்தே முடக்குவது அக்கட்சியின் அறிவிக்கப்பட்ட கொள்கை. சத்தியமூர்த்தியின் நடைமுறையோ முடக்குதலோடு நிற்கவில்லை. மானியக் கோரிக்கைகளின்மீது வெட்டுத் தீர்மானங்கள், அன்றாட வினாக்கள், ஒழுங்குப் பிரச்சினைகள் எனக் கிடைத்த கருவிகள் அனைத்தையும் அவர் கையாண்டார்.

இக்கருவிகளின் வரலாறு சுருக்கமாக நோக்கத்தக்கது. இந்தியச் சட்டமன்றங்களில் வினவும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. அப்போது துணைவினாவுக்கு இடமில்லை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முதல்வினாவை எழுப்பியவருக்கு மட்டும் துணைவினா எழுப்பும் உரிமையைத் தந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே எந்த உறுப்பினரும் துணைவினா எழுப்பலாம் என்ற நிலை வந்தது. அவசரப் பொது நிகழ்வைக் குறித்து மன்றத்தின் வழக்கமான அலுவலை நிறுத்தி விவாதிக்க உதவும் ஒத்திவைப்புத் தீர்மானமும் அப்போதே கிட்டியது. ஆதலின் சத்தியமூர்த்தி மன்றம் புகுந்தபோது இக்கருவிகள் சில ஆண்டுப் பழக்கமே உடையன. அவற்றின் முழு ஆற்றலும் அதுவரை சோதிக்கப்படவில்லை.

பாரதி பாடல்கள் தடையும் ஒத்திவைப்புத் தீர்மானமும்

தமிழாய்வாளர்கள் தனிக்கவனம் செலுத்தவேண்டிய நிகழ்வு 1928இல் நடந்தது. அவ்வாண்டு அந்நாளில் இந்தியாவின் மாகாணமாயிருந்த பர்மாவின் அரசு, பாரதியின் சுதேச கீதங்களை அரசத் துரோகம் பயப்பனவெனக் கருதித் தடைசெய்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி ஒரு மாகாணத்தில் பறிமுதலுக்கு உள்ளான நூலை இந்தியா முழுவதிலும் காவலர் கைப்பற்ற முடிந்தது. சென்னை அரசும் நடவடிக்கையில் இறங்கியது. சென்னையில் காவலர் சோதனையிட்டு நூற்படிகளைக் கைப்பற்றினர். பாரதி மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அப்பாடல்கள் தமிழகத்து வீடுகளிலும் மேடைகளிலும் பள்ளிகளிலும் பரவியிருந்த காலம் அது.

அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர்ந்தார். அத்தீர்மானம் இரு தளங்களில் இயங்கியது. முதலாவது இலக்கியத் தளம். நாட்டுப்பற்றைப் பாடுவது அரசத் துரோகம் ஆகுமா, ஒரு மொழியின் கவிதையை அம்மொழி அறியாத நிருவாகம் எவ்வாறு மதிப்பிடும் என்பன அங்கு எழுந்த வினாக்கள். இரண்டாவது அரசியலமைப்புத் தளம். தமிழ் வழங்கும் மாகாணத்தின் அரசு, கடல்கடந்த மாகாணம் ஒன்றின் ஆணையைச் சுட்டித் தன் செயலை நியாயப்படுத்த முடியுமா? ஆணை பிறப்பித்தவர் ஒருவர், நிறைவேற்றியவர் வேறொருவர் என்ற நிலையில் பதில் சொல்லும் கடமை யாருடையது?

பொறுப்பைப் பகிர்ந்துவிட்டால் அதனை எவரும் சுமக்க வேண்டியதில்லை என்பது நிருவாகங்கள் நெடுங்காலமாக அறிந்த உபாயம். சோதனை நடந்தது சென்னையில். காவல்துறை சென்னை அரசின் துறை. ஆகவே சென்னைச் சட்டமன்றத்தில் சென்னை அரசே காரணம் கூறக் கடமைப்பட்டது என்பதே அத்தீர்மானத்தின் உட்கிடை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தினுள் பேச்சுரிமையை உறுதி செய்திருந்தது. வெளியே வைத்திருந்தால் பறிமுதலாகும் நூலைக் குறித்து மன்றத்தினுள் அச்சமின்றி விவாதிக்க முடிந்தது அவ்வுரிமையின் பயன்.

தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. காவல் ஒதுக்கப்பட்ட துறையாதலின் அம்முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. எனினும், தமிழ்ப் பகுதியின் மக்கள் சார்பாளர்கள் இத்தடையை ஏற்கவில்லை என்பது அரசின் செலவிலேயே அச்சிடப்படும் மன்ற நடவடிக்கைத் தொகுதியில் பதிவாயிற்று. தடையாணை ஒரு கோப்பின் உள்முடிவாக நின்றுவிடாமல் பொது விவாதத்துக்கு உரியதாயிற்று. சத்தியமூர்த்தியின் மன்ற நம்பிக்கை எதன்மேல் எழுந்தது என்னும் வினாவுக்கு இந்நிகழ்வு விடை தருகிறது. இயற்றியவர் மறைந்தபின் அப்பாடல்களுக்காக வழக்காடிய மன்றம் அது. தமிழ் இலக்கிய வரலாற்றுக்குச் சட்டமன்ற ஆவணங்களும் மூலங்களாகும் என்பதையும் இது காட்டுகிறது.

நிலைப்பாடுகளின் முரண்

இதே காலப்பகுதியில் சத்தியமூர்த்தி மேற்கொண்ட வேறு இரு நிலைப்பாடுகளை மறைத்தல் ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. நீதிக்கட்சி அமைச்சரவை கொணர்ந்த இந்து அறநிலையச் சட்டத்தை அவர் எதிர்த்தார். சமயநிறுவனங்களில் அரசு தலையிடலாகாது என்பது அவர் வாதம். கோயில் வருவாயின் கணக்கை எவருக்கும் காட்டவேண்டாத நிலையை மாற்ற முனைந்த சட்டம் அது. அரசின் கணக்கை ஓயாது வினவியவர் அறநிலையங்களின் கணக்கைப் பொதுக் கண்காணிப்புக்கு உட்படுத்தும் முயற்சியை எதிர்த்தமை சிந்தனைக்குரியது.

தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சியையும் அவர் எதிர்த்தார். கோயிற்கலை மரபு அழிந்துவிடும் என்ற கவலையை அவர் முன்வைத்தார். அம்முறையின்கீழ் வாழ்ந்த சிறுமியரின் உரிமையைக் காட்டிலும் மரபின் தொடர்ச்சிக்கு அவர் மிகுந்த எடை கொடுத்தார் என்றே இன்றைய ஆய்வாளர் கூறவேண்டியுள்ளது. பொட்டுக் கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947இலேயே சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

இம்முரண் தனிமனிதரின் குறையாக மட்டும் நோக்கத்தக்கதன்று. அயலாட்சியின் நிருவாகத்தை ஐயத்தோடு நோக்கும் பழக்கம், அந்நிருவாகத்தின் வழியே வரும் சமூகச் சீர்திருத்தத்தையும் ஐயத்தோடு நோக்கச் செய்தது. கண்காணிப்புக் கருவி கூர்மையானது. அது எதன்மேல் செலுத்தப்படுகிறது, எது அதன் பார்வையிலிருந்து விலக்கப்படுகிறது என்பதைக் கருவியே முடிவு செய்வதில்லை.

சிறையும் மீள்வரவும்

1930இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியதும் சத்தியமூர்த்தி மன்றத்தை விட்டு வெளியேறிச் சிறை புகுந்தார். மன்றவாதியாகிய அவர் மறியலிலும் பின்தங்கியவரல்லர். சிறையிலிருந்து தம் ஒரே மகளான இலட்சுமிக்கு அவர் எழுதிய மடல்கள் பின்னர் நூல்வடிவம் பெற்றன. சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்தபின், சட்டமன்றப் பணியை மீண்டும் தொடங்கவேண்டும் என்று வற்புறுத்தியவருள் அவர் முன்னின்றார். 1934ஆம் ஆண்டு நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் நீதிக்கட்சியின் ஆற்காடு இராமசாமி முதலியாரை வென்று தில்லி சென்றார்.

மத்திய சட்டசபையில் வினா நேரம்

மத்திய சட்டசபை 145 உறுப்பினர்களைக் கொண்டது. அவருள் நாற்பதின்மர் அளவில் நியமனம் பெற்றோர். மாகாணங்களில் இருந்த அரைப் பொறுப்பும் மத்தியில் இல்லை. வைஸ்ராயின் நிருவாகக் குழுவினர் எவரும் சபைக்குப் பொறுப்புடையவரல்லர். படைச்செலவு உள்ளிட்ட வரவு செலவுத் திட்டத்தின் பெரும்பகுதி வாக்கெடுப்புக்கே உட்பட்டதன்று. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்தபோதிலும் அதன் கூட்டாட்சிப் பகுதி நடைமுறைக்கு வரவில்லை. ஆதலின் சத்தியமூர்த்தி அங்கிருந்த காலம் முழுவதும் 1919ஆம் ஆண்டின் ஏற்பாடே நீடித்தது.

இச்சபையில் காங்கிரஸ் கட்சிக்குப் பூலாபாய் தேசாய் தலைவர், சத்தியமூர்த்தி துணைத்தலைவர். சர் அப்துர் ரகீம் சபையின் தலைவராக வீற்றிருந்தார். எதிர்வரிசையில் நிதியுறுப்பினர் ஜேம்ஸ் கிரிக், உள்துறை உறுப்பினர் ஹென்றி கிரெய்க், சட்டவுறுப்பினர் நிருபேந்திரநாத் சர்க்கார் போன்ற ஆற்றல்மிக்கோர் இருந்தனர். இவர்களுக்கு எதிராகச் சத்தியமூர்த்தி பெரிதும் பயன்படுத்திய படைக்கலம் துணைவினாவே.

துணைவினாவின் ஆற்றல் அதன் அமைப்பில் உள்ளது. முதல்வினா முன்னறிவிப்போடு வருவது. அதற்கான விடையைச் செயலகம் கோப்புகளைப் பார்த்து எழுதித் தரும், உறுப்பினர் வாசிப்பார். துணைவினா முன்னறிவிப்பின்றி எழுவது. வாசித்த விடையின் பொருளை வாசித்தவர் அறிவாரா என்பதை அது சோதிக்கிறது. விடையில் உள்ள ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அதன் பொருள் என்ன, அம்முடிவு எந்நாளில் எடுக்கப்பட்டது, எவருடைய பரிந்துரையால் எடுக்கப்பட்டது, இந்தியர் கருத்துக் கேட்கப்பட்டதா என அடுத்தடுத்துக் கேட்பதே சத்தியமூர்த்தியின் முறை. ஒவ்வொரு வினாவும் சிறியது. ஆயினும் மறுத்தாலும் ஒப்புக்கொண்டாலும் அடுத்த வினாவுக்கு வழிவிடுவது. தகவலைத் தர மறுப்பதும் ஒருவகை விடையாகப் பதிவாகிவிடும்.

இதன் விளைவு சபையோடு முடிவதில்லை. இத்தகைய வினாக்களை எதிர்பார்க்கும் அலுவலர்கள் துணைவினாக்களுக்கான குறிப்புகளையும் முன்கூட்டியே திரட்டவேண்டியிருக்கும். ஒரு வினாவுக்கு விடை காணத் திறக்கப்படும் கோப்பு, அதுவரை எவரும் கேளாதிருந்த முடிவுகளை மறுபடி எண்ணச் செய்யும். நீக்க முடியாத அரசும் விடை சொல்லவேண்டிய நிலையில் தன் நடத்தையைச் சற்றேனும் திருத்திக்கொள்கிறது. விளக்கம் தரவியலாத செயலைச் செய்யத் தயங்குதல் நிருவாகத்தின் இயல்பு. சபையின் நடவடிக்கைகளை நாளிதழ்கள் விரிவாக வெளியிட்டன. தில்லியில் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட வினா தமிழ் இதழ்களின் வழியே தமிழ் வாசகரை வந்தடைந்தது. அரசைக் கேள்வி கேட்கலாம் என்பதும், அரசு விடை சொல்லவேண்டும் என்பதும் பொதுமக்கள் அறிவாக மாறியதில் இத்தகைய மன்றச் செய்திகளுக்குப் பங்குண்டு.

வாக்கெடுப்பின் பயனும் பயனின்மையும்

சத்தியமூர்த்தி தில்லியில் இருந்த ஆண்டுகளில் அரசு சபையில் பலமுறை தோல்வியுற்றது. 1935ஆம் ஆண்டின் நிதி மசோதா சபையின் விருப்பத்துக்கு மாறாகக் கவர்னர்-ஜெனரலின் சான்றளிப்பால் சட்டமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவைச் சபை தள்ளுபடி செய்தது. சட்டமறுப்பை அடக்க 1932இல் இயற்றப்பட்ட ஒடுக்குமுறை விதிகளை அவற்றின் காலவரம்புக்குப் பின்னும் நீட்டிக்க வந்த மசோதா அது. அதுவும் சான்றளிப்பால் உயிர்பெற்றது. 1939இல் இந்திய–பிரித்தானிய வணிக ஒப்பந்தத்தைச் சபை ஏற்க மறுத்தும் அரசு அதனை நடைமுறைப்படுத்தியது.

இத்தோல்விகளுக்கு நடுவே ஒரு மாற்று நிகழ்வும் உண்டு. 1936ஆம் ஆண்டு ஓட்டாவா வணிக ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் எனச் சபை வாக்களித்தது. அரசு அம்முடிவை மதித்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் அறிவிப்பைத் தந்தது. எந்த வாக்கை மதிப்பது, எதனைப் புறந்தள்ளுவது என்பது அரசின் விருப்பமாகவே இருந்தது என்பதை இவ்விரு ஒப்பந்தங்களையும் ஒப்புநோக்கின் அறியலாம். சான்றளிப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அரசு தன் இயல்பைத் தானே வெளிப்படுத்திக்கொண்டது. சீர்திருத்தங்களால் இந்தியருக்கு ஆட்சியுரிமை வந்துவிட்டது என்ற கூற்றுக்கு எதிரான சான்று அரசின் கையொப்பத்தோடே கிடைத்தது.

தம் கட்சி ஆண்டபோது

கண்காணிப்பாளரின் உண்மையான சோதனை அவர் சார்ந்த கட்சி ஆட்சிக்கு வரும்போதே நிகழ்கிறது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. மாகாண அமைச்சுப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று கட்சிக்குள் நெடிது வாதாடியவர் சத்தியமூர்த்தி. அவர் போட்டியிட விழைந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் தில்லிச் சபையிலேயே தொடர்ந்தார்.

1938இல் அவ்வமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்துத் தமிழகம் கிளர்ந்தது. மறியல் செய்தோர்மீது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் ஏவப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறையிடப்பட்டனர். 1939இல் நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் சிறைத்தண்டனைக் காலத்தில் உயிரிழந்தனர். தில்லிச் சபையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களித்துத் தள்ளிய விதிகளையே, சென்னையில் காங்கிரஸ் அமைச்சரவை பயன்படுத்தியது.

சத்தியமூர்த்தி இதில் மௌனம் காக்கவில்லை. 1939 சூலையில் காந்தியடிகளுக்கு எழுதிய மடலில், தம் பிள்ளை இந்தி பயில்வதை விரும்பாத பெற்றோர் அதிலிருந்து விலக்குப் பெற வழியமைக்கவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் இக்கிளர்ச்சிக்கு எதிராகப் பயன்படுத்தப்படுவதையும் அவர் ஏற்கவில்லை. அவர் இந்திக்கு எதிரானவரல்லர். கிளர்ச்சிக்காரர்களின் அரசியலை ஏற்றவருமல்லர். ஆட்சியில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒரு சட்டத்தின் நியாயம் மாறிவிடாது என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் கவர்னர் ஆட்சியில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவ்விடத்தும் ஒரு வரம்பைச் சுட்டவேண்டும். இம்மறுப்பு மன்றத்தில் எழுந்த வினாவாக அமையவில்லை. தலைவருக்கு எழுதிய மடலாக அமைந்தது. அவர் சென்னை மன்றத்தின் உறுப்பினராக இல்லாமை ஒரு காரணம். கட்சிக் கட்டுப்பாடு மற்றொன்றாகலாம். தம் கட்சி அரசைப் பொது மன்றத்தில் வினவும் மரபு அன்று உருவாகியிருக்கவில்லை. விடுதலைக்குப் பின்னும் அம்மரபு எளிதில் வேரூன்றவில்லை.

விடை சொல்லும் இருக்கையில்

1939இல் சத்தியமூர்த்தி சென்னை மாநகராட்சியின் மேயரானார். வாழ்நாள் முழுதும் வினவியவர், நகரத்தின் குடிநீருக்கு விடை சொல்லவேண்டிய இருக்கையில் அமர்ந்தார். பெருகிவரும் நகருக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் போதாதிருந்தது. கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டத்தை அவர் முனைந்து முன்னெடுத்தார். போர்க்காலச் சூழலிலும் அரசின் இசைவைப் பெற்று, 1940 ஆகஸ்டில் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டும் அளவுக்குப் பணியை விரைவுபடுத்தினார். 1944இல் நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தபோது அவர் உயிரோடில்லை. அது இன்று சத்தியமூர்த்தி சாகர் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. நிருவாகம் ஏன் தாமதிக்கிறது என்று பலகாலம் கேட்டவர், தாமதத்தின் காரணங்களை உள்ளிருந்து அறிந்து கடந்த நிகழ்வாக இதனைக் கருதலாம்.

இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போரில் இந்தியரைக் கேளாமல் இந்தியா ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939இல் பதவி துறந்தன. மத்திய சபையிலும் காங்கிரசார் பெரும்பாலும் வருகை தவிர்த்தனர். தனிநபர் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்று மீண்ட சத்தியமூர்த்தி, 1941இல் சட்டமன்றப் பணியை மீண்டும் தொடங்கவேண்டும் என்று வாதாடினார். கட்சித் தலைமை அதனை ஏற்கவில்லை. வெற்று இருக்கையிலிருந்து எவ்வினாவும் எழாது என்பது அவர் கவலை. அவ்விருக்கையில் அமர்வதே அயலாட்சிக்கு ஒப்புதல் அளிப்பதாகும் என்பது தலைமையின் கவலை. இரண்டிலும் நியாயம் இருந்தது.

கருத்து வேறுபாடு அவரைப் போராட்டத்திலிருந்து விலக்கவில்லை. 1942 ஆகஸ்டுப் புரட்சியில் கைதாகி மத்திய மாகாணத்தின் அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நெடும்பயணமும் சிறைவாழ்வும் அவருடைய உடல்நலத்தை அடியோடு குலைத்தன. முதுகெலும்பு பாதிப்புற்ற நிலையில் சென்னைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, 1943 மார்ச்சு 28ஆம் நாள் ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார். அரசிடம் எண்ணற்ற வினாக்கள் எழுப்பிய ஒருவர் அரசின் காவலில் நோயுற்று மறைந்தமை, அவர் எழுப்பிய வினாக்களின் தேவையை மேலும் உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பதில் சொல்லும் கடமையும் பதவி துறக்கும் கடமையும் வேறு வேறு. இரண்டாவது இல்லாதவிடத்தும் முதலாவதனை ஓரளவு நிலைநாட்ட முடியும் என்பதைச் சத்தியமூர்த்தியின் மன்றப்பணி காட்டுகிறது. பாரதி பாடல்கள் குறித்த தீர்மானமும் மத்திய சபையின் துணைவினாக்களும் இதற்குச் சான்று.

அப்பணியின் வரம்பும் தெளிவானது. சான்றளிப்பு அதிகாரம் நிலவியவரை வினா அரசின் முகத்தை வெளிப்படுத்தியதேயன்றி அதன் கையைக் கட்டவில்லை. குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவின் வரலாறு இதனை உணர்த்துகிறது.

ஒருவருக்கு எதிராகச் சான்றளிப்பால் நிலைபெற்ற ஒடுக்குமுறை விதி, ஆட்சி மாறியதும் மற்றொருவர் கையில் அதே பயனைத் தந்தது. ஆதலின் கண்காணிப்பு ஆள்வோரை நோக்கியதாக மட்டும் அமையாமல் அதிகாரத்தை நோக்கியதாகவும் அமையவேண்டும். சத்தியமூர்த்தி இதனை 1939இல் உணர்ந்திருந்தார். அறநிலையச் சட்டத்திலும் தேவதாசி முறையிலும் அவர் கொண்ட நிலைப்பாடு, அதிகாரம் அரசிடம் மட்டும் குடிகொள்வதில்லை என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை எனக் காட்டுகிறது.

இன்று மக்களவை கூடும் நாளின் முதல் மணி வினாக்களுக்கு உரியது. அன்று இல்லாத இரண்டாம் கடமையும் இன்று அரசியலமைப்பில் உள்ளது. கருவிகள் நிறைவாக உள்ள மன்றத்தில் வினா எழாமற் போனால், கருவிகள் குறைந்திருந்த மன்றத்தில் ஓயாது வினவிய ஒருவரின் வாழ்வு நமக்கு அளவுகோலாக நிற்கும். சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளைத் தமிழியல் ஆய்வுக்குரிய மூலங்களாகக் கொண்டு அவர்தம் வினாக்களைத் தொகுத்து ஆராய்தல் இனிச் செய்யத்தக்க பணியாகும்.